மாயக்கோட்டை வேண்டும் என்கிறாள் மகள்

 

சிவகாசியை அடுத்த ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதிய மடல் என் முன் இருக்கின்றது. அவருடைய கணவர் நாட்காட்டி அச்சகத்தில் வேலை பார்ப்பவர். ஆடிப்பெருக்கன்று புதிய ஆண்டுக்கான ஆல்பங்கள் வெளிவந்த பின் மார்கழி வரை ஓயாத வேலை. அதன் பின்னர் கை சற்றே வறண்டுவிடும். இவர்களின் மூத்த மகளுக்கு அடுத்த மாதம் பதினான்கு வயது நிறைகின்றது. தோழி ஒருத்தியின் பிறந்தநாள் விருந்துக்குப் போய் வந்தவள், தனக்கும் அவ்வாறே வேண்டும் என்கிறாளாம். வாசலில் மாயக்கோட்டை, தலையில் கிரீடம், தரையைத் தொடும் வலைத்துணிக் கவுன், கேக் வெட்டும்போது இருபுறமும் சீறியெழும் நெருப்புப் பூ! இவற்றுக்கு ஏற்பாட்டாளர் கேட்கும் தொகை நாற்பதாயிரம் ரூபாய்.

"மறுத்தால் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள்; சம்மதித்தால் என் வளையலை அடகு வைக்க வேண்டும். நான் என்ன செய்யட்டும் அக்கா?" என்று முடிகின்றது மடல்.

பிறந்தநாளைக் கொண்டாடலாமா, கூடாதா என்பதில் நம் குடும்பங்களிடையே இருவேறு நடைமுறைகள் உள்ளன. அதனை அவரவர் நம்பும் ஆலிமிடம் கேட்டுத் தெளிவதே முறை. நாள் எதுவாயினும், தன் தோழியரை ஒரு மாலைப் பொழுதில் வீட்டுக்கு அழைத்து உபசரிக்க ஒரு பெண்பிள்ளை விரும்புகின்றாள். அந்த விருப்பத்தை எப்படிக் கையாள்வது என்பதே இம்மாதம் நம் பேச்சு.

முதலாவதாக, அவளைப் பார்த்துச் சிரித்துவிடாதீர்கள். மாயக்கோட்டை மீது ஆசை வைப்பது இன்றைய தலைமுறைக்கு வந்த புதுப் பித்து அன்று. தினத்தந்தியில் 1960ஆம் ஆண்டு தொடங்கிய 'கன்னித்தீவு' படக்கதையில் சிந்துபாத் அடுத்த நாள் என்ன ஆனான் என்று அறியக் காத்திருந்தவர்கள் நாம் அல்லவா? 1972இல் 'முத்து காமிக்ஸ்' தன் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி'யை வெளியிட்டது எங்கிருந்து? இதே சிவகாசியிலிருந்துதான்! மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் அந்த மாயாவியைப் பாடநூலுக்குள் ஒளித்துப் படித்த அத்தாமார்கள் இன்று மகளின் கற்பனையைப் பழிக்க முடியுமா?

இன்னும் பின்னே செல்லுங்கள். வினாவை 'மசலா' என்றழைத்த நம் முன்னோர், வினாவும் விடையுமாகவே நூல்கள் யாத்தனர். வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிரம் மசலா' 1572இல் மதுரையில் அரங்கேறியது. இன்று முழுமையாகக் கிடைக்கும் தமிழ் இஸ்லாமிய இலக்கியங்களுள் காலத்தால் மூத்தது அதுவே என்பர். அது மார்க்க ஞானம் பேசும் நூல். 'நூறு மசலா'வோ கதைச்சுவை மிக்கது. இளவரசி மெகர்பானு புதிர்மேல் புதிராகத் தொடுக்க, அப்பாஸ் விடை பகர்வதாகச் செல்வது அது. ஆக, அரசகுமாரியும் புதிரும் வாழ்ந்த வீடுதான் நம்முடையது. அக்கதைகளில் இளவரசிக்குப் பெருமை தந்தது அவளது கவுன் அன்று. அவள் கேட்ட கேள்வி!

சகோதரிக்கு நான் சொல்ல விரும்புவதும் இதையொட்டியதே. உங்கள் மகள் கேட்பது கோட்டையை அன்று. தோழியர் நடுவே ஒரு மாலையேனும் தான் மதிக்கப்பட வேண்டும் என்பதையே கேட்கின்றாள். அந்த மதிப்பை வாடகைக்கு எடுத்துத் தர வேண்டியதில்லை. அவள் கையாலேயே அதனை உண்டாக்கிக்கொள்ள வழி விடுங்கள்.

ஓர் இரவு உணவு முடிந்ததும் கணவரும் நீங்களும் அவளை அருகில் அமர்த்தி, வீட்டின் வரவையும் செலவையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். பதினான்கு வயது அதைத் தாங்கும் வயதுதான். "நம்மால் இயன்றது மூவாயிரம் ரூபாய். இதோ பணம், இதோ கணக்கு நோட்டு. இந்த விருந்துக்கு நீதான் அரசி, மந்திரியும் நீயே" என்று கூறிப் பணத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். பிறர் செலவழிக்கும்போது கணக்குப் பாராத பிள்ளை, தன் கையால் செலவழிக்கும்போது ஒவ்வொரு ரூபாயையும் திருப்பிப் பார்ப்பாள்.

கோட்டைக்கு வேண்டியது அட்டை. சிவகாசியில் அட்டைக்கா பஞ்சம்? அச்சகத்தில் வெட்டிக் கழிக்கும் துண்டுகளை முதலாளியிடம் முறைப்படி கேட்டுப் பெற்றால், அத்தாவும் மகளும் தம்பிமாரும் சேர்ந்து ஒரு வாரத்தில் கோட்டை எழுப்பிவிடலாம். மதில் சற்றே கோணலாக இருக்கட்டும். அத்தா வெட்டிக் கொடுத்த மதில் என்று அவள் பெருமையுடன் சொல்லிக்கொள்வாள்.

கோட்டைக்கு ஏழு வாசல் வையுங்கள். வாசலுக்கொரு மசலா. விடை சொன்னவருக்கே வழி! புதிர்களை அவளே புனையட்டும். ஓர் எடுத்துக்காட்டு: "ஆண்டு முழுதும் சுவரில் இருக்கும், நாளுக்கோர் இதழ் உதிரும், பூவும் அன்று, மரமும் அன்று, அது என்ன?" அச்சகத் தொழிலாளியின் மகளுக்கு விடை தெரியாமலா போகும்? ஏழாம் வாசலுக்கு அப்பால் பாட்டியை அமர்த்தி, ஒரு பழங்கதையைச் சொல்லச் செய்யுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, வண்ணக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச் விளக்கை ஏற்றினால் போதும். மாய உலகம் கூடத்திலேயே இறங்கிவிடும்.

உணவுக்கு நெய்ச்சோறும் தாளிச்சாவும். கொறிக்கச் சாத்தூர்க் காராச்சேவு. கேக்குக்குப் பதிலாக ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவையே கோட்டை வடிவில் அடுக்கலாம். அஸருக்குப் பின் தொடங்கி, பொழுது சாய்ந்து வெகுநேரம் ஆகாமல் முடித்து, வந்த பிள்ளைகளைப் பெரியவர் துணையுடன் வீடு சேர்த்துவிடுங்கள். பரிசுப் பொருள் வேண்டாமென்று அழைப்பிலேயே எழுதிவிட்டால், வசதியற்ற தோழியும் தயங்காமல் வருவாள்.

இவ்வளவும் அவள் விருப்பம். ஒன்றே ஒன்றில் மட்டும் நீங்கள் அசையக் கூடாது. நெருப்பு வேண்டாம்.

'குளிர் நெருப்பு' என்று பெயர் சொல்லிக் கூடத்துக்குள் வைக்கும் பூவாணம் உண்மையில் குளிர்ந்தது அன்று; அதன் பொறியும் துணியைப் பற்றவைக்கும். கம்பி மத்தாப்பின் முனையோ ஏறத்தாழ ஆயிரம் டிகிரி வெப்பம் கொண்டது. முகத்தில் பீய்ச்சி விளையாடும் நுரைப் புட்டிகள் பலவற்றில் எளிதில் தீப்பற்றும் வாயு அடைக்கப்பட்டுள்ளது. எரியும் மெழுகுவத்தி அருகில் அதை அழுத்தினால் நுரையே தீப்பிழம்பாகிவிடும். மேலெழும் பலூனில் ஹைட்ரஜன் நிரப்பப்பட்டிருந்தால் ஒரு பொறி போதும், வெடித்துத் தீப்பிடிக்கும். இவற்றுக்கு நடுவே நம் பிள்ளை உடுத்தி நிற்பது என்ன? நைலான் வலைத்துணி! அது எரிவது மட்டுமன்று, உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

பட்டாசு ஆலைக்குள் செல்பவர் பருத்தி ஆடையே உடுத்த வேண்டும், தீப்பெட்டி கொண்டு செல்லலாகாது என்பன பாதுகாப்பு நெறிகள். செயற்கை இழை உராய்ந்தால் மின்பொறி எழும் என்பதே ஆடைக் கட்டுப்பாட்டின் காரணம். பெரியவர்கள் வயிற்றுப் பிழைப்புக்காக இத்தனை கவனத்துடன் நுழையும் ஆபத்தை, நாம் காசு கொடுத்துக் கூடத்துக்கு அழைத்து வந்து, வலைத்துணி உடுத்திய மகளின் அருகில் நிறுத்தலாமா? 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்து நாற்பதை நெருங்கிய உயிர்களைக் கொண்டுபோயிற்று. அந்நாளை மறவாத வீடுகள் இப்பகுதியில் அநேகம். வரவிருக்கும் தோழியருள் ஒருத்தி அத்தகைய வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கக்கூடும். அவள் கண்ணெதிரே நெருப்பு சீறுவது வேடிக்கை ஆகாது. இதையும் மகளிடம் எடுத்துச் சொல்லுங்கள். காரணம் சொல்லாத மறுப்புக்கே பிள்ளைகள் கதவைச் சாத்துகின்றனர்.

கவுன் வேண்டுமென்றால் பருத்தியில் தையுங்கள். பழைய சேலையின் சரிகைக் கரையை அதில் வைத்துத் தைத்தால் எந்த அரசகுமாரிக்கும் அது குறைவன்று. ஆடையில் எப்போதேனும் தீப்பற்றினால் ஓடலாகாது. நின்று, படுத்து, உருள வேண்டும் என்று வீட்டிலுள்ள அனைவருக்கும் பழக்குங்கள். தீக்காயத்தின் மீது பற்பசையோ மையோ தடவாமல், ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்டிய பின் மருத்துவரிடம் செல்லுங்கள்.

கைப்பேசியைப் பற்றியும் ஒரு சொல். விருந்தில் எடுத்த படங்களைப் பிறர் பார்க்கப் பரப்புமுன், படத்திலுள்ள ஒவ்வொரு பிள்ளையின் தாயிடமும் ஒப்புதல் பெறுவது அவசியம். அழைத்த வீட்டின் அமானிதம் அது.

சகோதரியே, உங்கள் வளையல் கையிலேயே இருக்கட்டும். விருந்தன்று ஏழாம் வாசலில் நீங்கள் நின்று, மகளிடம் ஒரு மசலா கேளுங்கள்: "இந்தக் கோட்டையில் விலைமதிப்பற்ற பொருள் எது?" அவள் என்ன விடை சொன்னாள் என்று எனக்கு மறவாமல் எழுதுங்கள்.

நம் பிள்ளைகளின் கண்ணொளியையும் கற்பனையொளியையும் வல்ல ரஹ்மான் காத்தருள்வானாக! ஆமீன்.