பண்டிகைப் பயணமும் சாலை வகைப்பாடும்: ஒரே வழியில் 4 சாலைகள், 4 பொறுப்பாளர்கள்

மும்பை: விநாயகர் சதுர்த்தி, தீபாவளி, பொங்கல் என ஒவ்வொரு பண்டிகைக் காலத்திலும் மும்பையிலிருந்து சொந்த ஊர்களுக்குச் செல்லும் வாகனங்களின் எண்ணிக்கை பெருகுகிறது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழும் தமிழர்களில் கணிசமானோர் திருநெல்வேலி உள்ளிட்ட தென் மாவட்டங்களைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். ரயிலில் இடம் கிடைக்காதபோது இவர்களில் பலர் பேருந்தையோ காரையோ நம்பிப் புறப்படுகின்றனர். வேகம், தூக்கமின்மை ஆகியவற்றோடு இப்பயணத்தில் அதிகம் பேசப்படாத ஓர் அபாயமும் உள்ளது. அது, சாலைகள் வகைப்படுத்தப்பட்டுள்ள முறை.

புள்ளிவிவரங்கள் கூறுவது என்ன?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். இவர்களில் 61,038 பேர் தேசிய நெடுஞ்சாலைகளிலும், 41,012 பேர் மாநில நெடுஞ்சாலைகளிலும் இறந்தனர். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் இவ்விரு வகைச் சாலைகளின் பங்கு சுமார் 5 சதவீதம் மட்டுமே. ஆனால், உயிரிழப்புகளில் இவற்றின் பங்கு 60 சதவீதத்துக்கும் அதிகம்.

வகைப்பாடு எதைக் குறிக்கிறது?

இந்தியச் சாலைகளைத் தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, கிராமச் சாலை எனப் பிரிக்கும் முறைக்கு 1943-ஆம் ஆண்டின் நாக்பூர் திட்டம் அடித்தளமிட்டது. சாலையை அமைப்பது யார், பராமரிப்பது யார், நிதி வழங்குவது யார் என்ற நிர்வாகக் கேள்விகளுக்கே இவ்வகைப்பாடு முதன்மையாக விடையளிக்கிறது. சாலையில் நடைபாதையினர் குறுக்கிடுவார்களா, எதிர்த்திசை வாகனங்களைப் பிரிக்கும் தடுப்பு உள்ளதா, எந்த வேகம் பாதுகாப்பானது என்பதையெல்லாம் அது ஓட்டுநருக்குத் தெரிவிப்பதில்லை.

மும்பையின் கிழக்கு விரைவு நெடுஞ்சாலை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பெயரில் 'விரைவு' இருந்தாலும், அது நகரப் போக்குவரத்தைச் சுமக்கும் சாலையே. 2022 இறுதியில் அதன் பராமரிப்பு மும்பைப் பெருநகர வட்டார வளர்ச்சி ஆணையத்திடமிருந்து மாநகராட்சிக்கு மாற்றப்பட்டது.

தாராவியிலிருந்து காரில் திருநெல்வேலிக்குப் புறப்படும் குடும்பம் முதலில் மாநகராட்சிச் சாலையிலும், பின்னர் செம்பூர் வழியே செல்லும் சயான்-பன்வேல் நெடுஞ்சாலையிலும் பயணிக்கிறது. அடுத்து, மாநிலச் சாலை மேம்பாட்டுக் கழகத்தின் மும்பை-புனே விரைவுச் சாலை. புனேவுக்குப் பின் தேசிய நெடுஞ்சாலை 48; பெங்களூருவிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 44. புனேவைத் தாண்டுவதற்குள் மாநகராட்சி, மாநிலப் பொதுப்பணித் துறை, மேம்பாட்டுக் கழகம், தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம் என 4 அமைப்புகளின் பொறுப்பு மாறிவிடுகிறது.

வேக வரம்பும் மாறுகிறது. 2018 ஏப்ரலில் வெளியான மத்திய அரசின் அறிவிக்கையின்படி, கார்களுக்கான உச்ச வரம்பு நகராட்சி எல்லைக்குள் மணிக்கு 70 கி.மீ., தடுப்புடன் கூடிய நான்குவழிச் சாலையில் 100 கி.மீ., விரைவுச் சாலையில் 120 கி.மீ. ஆகும். மாநில அரசுகள் இதைக் குறைத்துக்கொள்ளலாம். மும்பை-புனே விரைவுச் சாலையின் சமவெளிப் பகுதியில் வரம்பு 100 கி.மீ.; மலைப்பாதையில் அதைவிடக் குறைவு.

மாறும் இடங்களில் ஆபத்து

தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4 அன்று மும்பை-ஆமதாபாத் நெடுஞ்சாலையில் உயிரிழந்தார். பால்கர் மாவட்டத்தில் சூர்யா ஆற்றுப் பாலத்தை ஒட்டி, மூன்று வழித்தடங்கள் இரண்டாகக் குறுகும் இடத்தில் அவ்விபத்து நிகழ்ந்தது. பின்னிருக்கையில் இருந்த அவர் சீட் பெல்ட் அணிந்திருக்கவில்லை. தனிநபர் கவனம், சாலை வடிவமைப்பு ஆகிய இரண்டையும் அச்சம்பவம் ஒருசேர விவாதத்துக்குக் கொண்டுவந்தது.

விநாயகர் சதுர்த்திக்குக் கொங்கண் செல்வோரின் முதன்மைப் பாதையான மும்பை-கோவா நெடுஞ்சாலையும் கவனத்துக்குரியது. பன்வேலிலிருந்து கன்னியாகுமரி வரை நீளும் தேசிய நெடுஞ்சாலை 66-இன் பகுதி இது. விரிவாக்கப் பணிகள் 2011-இல் தொடங்கியும் ஆண்டுக்கணக்கில் இழுபறியாயின. பன்வேல்-இந்தாப்பூர் பகுதி தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்திடமும், அதற்கு அப்பால் உள்ள பகுதி மாநிலப் பொதுப்பணித் துறையிடமும் ஒப்படைக்கப்பட்டிருந்தன. இதே சாலையில் மஹாட் அருகே சாவித்திரி ஆற்றின் மீதிருந்த ஆங்கிலேயர் காலப் பாலம், 2016 ஆகஸ்ட் 2 இரவு வெள்ளத்தில் இடிந்து, 2 அரசுப் பேருந்துகள் அடித்துச் செல்லப்பட்டன. தேசிய நெடுஞ்சாலை என்ற தகுதி அப்பாலத்தைக் காக்கவில்லை.

உயர்தரச் சாலை மட்டும் போதும் என்பதும் சரியன்று. புதிதாகத் திறக்கப்பட்ட சம்ருத்தி விரைவுச் சாலையில் 2023 ஜூலை 1 அதிகாலை தனியார் பேருந்து கவிழ்ந்து தீப்பிடித்ததில் 25 பேர் உயிரிழந்தனர்.

காகிதத்தில் மாறிய சாலைகள்

தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கு இச்சிக்கலை வேறு கோணத்தில் வெளிப்படுத்தியது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடைகள் இருக்கக் கூடாது என 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 3 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. ஆனால், சில மாநிலங்கள் நகரங்களின் வழியே செல்லும் நெடுஞ்சாலைகளை மாவட்டச் சாலைகளாகவும் உள்ளாட்சிச் சாலைகளாகவும் மாற்றி அறிவித்தன. நகராட்சி எல்லைகளுக்குள் இத்தடை பொருந்தாது என 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது. சாலையும் வாகனங்களும் மாறவில்லை. வகை மட்டுமே மாறியது.

தீர்வு எங்கே?

நெதர்லாந்து 1990-களில் இருந்து மாற்று வழியைப் பின்பற்றுகிறது. அங்கு சாலைகள் தொலைதூரப் போக்குவரத்துக்கானவை, இணைப்புக்கானவை, குடியிருப்புக்கானவை எனப் பயன்பாட்டின் அடிப்படையில் பிரிக்கப்படுகின்றன. எந்த வேகத்தில் செல்ல வேண்டும் என்பதை ஓட்டுநர் சாலையின் தோற்றத்தைக் கொண்டே உணரும் வகையில் அவை வடிவமைக்கப்படுகின்றன.

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, வடிவமைப்பு மற்றும் பராமரிப்புத் தரங்களை மீறியதால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ரூ.1 லட்சம் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது. ஒரு சாலை எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது, அதற்குப் பொறுப்பு யார் என்பது பயணிகளுக்குத் தெரிந்தால்தான் இப்பிரிவுக்குப் பயன் கிடைக்கும். பொறுப்பு மாறும் ஒவ்வோர் இடத்திலும் வேக வரம்பையும் பராமரிக்கும் அமைப்பையும் தெளிவாக அறிவிக்கும் பலகைகள் வைப்பது பெருஞ்செலவு பிடிக்கும் பணி அன்று.

அதுவரை பயணிகள் செய்யக்கூடியவை சில உள்ளன. பின்னிருக்கையிலும் சீட் பெல்ட் அணிவது, விரைவுச் சாலையிலிருந்து வெளியேறியதும் வேகத்தைக் குறைப்பது, நள்ளிரவுக்குப் பின் ஓட்டுவதைத் தவிர்ப்பது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. தேசிய நெடுஞ்சாலைகளில் உதவிக்கு 1033, மற்ற இடங்களில் 112 ஆகிய எண்களை அழைக்கலாம்.