ஜப்பானில் முதல் பாடம்... குப்பை!

வேலைக்காகவோ படிப்புக்காகவோ ஜப்பானுக்குக் குடிபோகிறவர்கள் இரண்டு விஷயங்களை நினைத்துத்தான் அதிகம் கவலைப்படுவார்கள். ஒன்று மொழி, இன்னொன்று சாப்பாடு. ஆனால், போன முதல் வாரமே திணறவைப்பது வேறொன்று. வீட்டுக் குப்பை!

புது வீட்டுக்குப் போன 14 நாள்களுக்குள் அந்தப் பகுதி நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். குப்பை அட்டவணையும் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். எரியும் குப்பை, எரியாத குப்பை, பிளாஸ்டிக், கண்ணாடி, கேன், பழைய பேப்பர் எனப் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நாள். வகைகள் ஊருக்கு ஊர் மாறும். கமிகட்சு என்ற சின்ன ஊரில் 40-க்கும் மேல்!

தண்ணீர் பாட்டிலை அப்படியே போட முடியாது. மூடியைக் கழற்றி, லேபிளை உரித்து, உள்ளே அலச வேண்டும். காய்கறித் தோல், மீந்த சோறு எல்லாம் எரியும் குப்பை. ஈரத்தை நன்றாக வடித்துவிட்டுத்தான் பையைக் கட்ட வேண்டும்.

‘ராத்திரியே வெச்சுட்டா வேலை முடிஞ்சிடுமே’ என்று நினைக்கக் கூடாது. பல ஊர்களில், அன்று காலை 8 மணிக்குள் வைப்பதுதான் வழக்கம். காக்கை கிளறாமல் இருக்க, மேலே வலையை இழுத்து மூட வேண்டும்.

பிரிக்காமல் வைத்தால்? வண்டியில் வருபவர்கள் சத்தம் போட மாட்டார்கள். பையில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பல தெருக்களில் அந்த இடத்தைக் கூட்டிச் சுத்தம் செய்வது அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள்தான், முறைவைத்து. புதிதாக வந்தவர் விட்ட பை, அந்த வார முறைக்காரர் தலையில் விழும். அதனால்தான் அங்கே குப்பையைப் பிரிப்பது சட்டம் என்பதைவிட, பக்கத்து வீட்டுக்காரருக்குக் காட்டும் மரியாதை.

சந்தேகம் வந்தால் பையை எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கேட்டுவிடலாம். மொழி தெரியாவிட்டாலும் கை ஜாடை போதும். குடிபோன புதிதில் துண்டு, இனிப்பு என ஏதாவது சின்னப் பரிசுடன் அண்டை வீட்டாருக்கு வணக்கம் சொல்லும் பழக்கமும் அங்கே உண்டு. பெருநகர அப்பார்ட்மென்ட்களில் அது குறைந்துவருகிறது.

துணை வேலைக்குப் போனபின் நாள் முழுக்க வீட்டில் தனியாக இருப்பவருக்கு, அந்தக் காலை 8 மணிதான் நாலு முகம் பார்க்கும் நேரம். கற்ற முதல் வார்த்தையை அங்கேயே சொல்லிப் பார்க்கலாம். ‘ஒஹாயோ கொசாய்மஸ்’... காலை வணக்கம்!