காது கொடுக்க ஊருக்குள் ஆள் வேண்டும்

மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை, மழையில் சுற்றுச்சுவர் இடிந்து விழுந்து தலித் மக்கள் 17 பேர் இறந்தனர். அரசு நிவாரணம் அறிவித்தது. ஆனால் துக்கத்தைப் பணம் ஆற்றாது; உட்கார்ந்து கேட்க ஒருவர் வேண்டும்.

மனநலச் சிகிச்சையை 2017ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாக்கியுள்ளது. அரசு மருத்துவமனையில் இலவசமாகவே பார்க்கலாம். ஆனால் தோட்டத்துக்கும் மில்லுக்கும் போகிறவருக்கு, கோவை போய்வந்தால் ஒருநாள் கூலி போகும். தனியார் கட்டணமோ எட்டாது. சாதியால் பட்ட அவமானத்தைச் சொன்னால் யார் காதுக்குப் போகுமோ என்ற பயம் வேறு.

வழி இருக்கிறது. 1986இல் சென்னையில் தொடங்கிய ‘சிநேகா’ தொண்டு நிறுவனத்தில், தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களிடம் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களே இலவசமாகப் பேசுகின்றனர். ஜிம்பாப்வேயில் 2006 முதல் சுகாதார நிலையத்து பெஞ்சில் பாட்டிமார்கள் ஆலோசனை தருகின்றனர். அதனால் மனச்சோர்வு குறைந்ததை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது.

கொங்குக் காலனிகளிலும் படித்த பெண்களுக்குத் தொண்டு அமைப்புகள் பயிற்சியும் சம்பளமும் தரலாம். ரகசியம் காப்பது முதல் பாடம்; நோய் முற்றியவரை மருத்துவரிடம் அனுப்புவது அடுத்தது. ஆனால் ஆறுதல் நீதிக்கு ஈடாகாது. வன்கொடுமை வழக்கும் நடந்தாக வேண்டும்.

மாணவர்களே, மனம் கனத்தால் 14416-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம்.