சான்று இல்லையா, தேட மனமில்லையா?

காஞ்சிபுரத்தின் விடுதலைப் போராட்டத் தியாகிகள் பெயர்ப்பலகையில் கிருஷ்ணசாமி சர்மாவுக்கு இடமில்லை என்று அதன் பொறுப்பாளர்கள் எடுத்த முடிவை ஏற்க முடியாது. ‘போதிய சான்று இல்லை’ என்று அதற்குச் சொல்லும் காரணம் முடிவைவிட மோசம்.

1908 மார்ச்சில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள், திருநெல்வேலி கொந்தளித்தது. சுதேசி என்று வாய் திறப்பதே ஆபத்தாக இருந்த அந்த நாட்களில் காஞ்சிபுரத்துச் சர்மா கரூரில் மேடையேறினார். ஒலிபெருக்கி இல்லாத காலம், தொண்டைதான் துணை. அந்தப் பேச்சுக்காகவே ராஜத்துரோக வழக்கும் சிறையும் வந்தன.

அந்நாளில் ராஜத்துரோக வழக்கு எப்படி நடந்தது? மேடையோரம் போலீஸார் உட்கார்ந்து பேச்சைக் குறிப்பெடுப்பார்கள். அந்தக் குறிப்புதான் ராஜத்துரோகத்துக்கான 124அ பிரிவு வழக்குக்கு உயிராக இருந்தது. பேசியவரைத் தண்டிப்பதற்காகப் பேச்சையே எழுதி வைத்தது வெள்ளை அரசு. அக்காலக் கோப்புகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. காலையில் ரயிலேறினால் மாலைக்குள் ஊர் திரும்பலாம். யாராவது போனார்களா? ஒரு கோப்பையாவது கேட்டு வாங்கிப் பார்த்தார்களா? தேடாமலே ‘இல்லை’ என்று எழுதும் துணிச்சல் எங்கிருந்து வந்தது?

சின்ன காஞ்சிபுரத்தில் அண்ணாவின் வீடு நினைவில்லமாக நிற்கிறது. பேச்சும் எழுத்தும் ஆட்சியைப் பிடிக்கும் என்று 1967இல் காட்டியவர் அவர். அவர் பிறந்தது 1909இல். அதற்கு ஓராண்டு முன்பே இவ்வூர்க்காரர் ஒருவர் பேசியதற்காகக் குற்றவாளிக் கூண்டில் நின்றார். பேச்சின் அருமை தெரிந்த ஊரில் சர்மாவுக்கா இந்தக் கதி?

இந்தப் பொறுப்பாளர்களுக்கு இது புதிதல்ல. 2008இல் கரூர்ப் பேச்சின் நூற்றாண்டு வந்தது. ஒரு கூட்டம்கூட இல்லை. 1925 நவம்பரில் திரு.வி.க. தலைமையில் காஞ்சிபுரத்தில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில்தான் வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் மறுக்கப்பட்டு, பெரியார் வெளியேறினார். தமிழக அரசியலே திசை மாறிய நிகழ்ச்சி அது. அதன் நூற்றாண்டுக்கும் இவர்கள் வாய் திறக்கவில்லை. விழா என்றால் பந்தலும் பொன்னாடையும் என்பதே இவர்கள் கண்ட வரலாறு. படத்தில் நிற்க முந்துகிறவர்கள், ஒரு பழைய கோப்பைப் புரட்டச் சொன்னால் பின்வாங்குகிறார்கள்.

இந்த முடிவைத் திரும்பப் பெற வேண்டும். வரலாறு அறிந்தவர்களைக் கூட்டி, சர்மாவுக்கு உரிய மரியாதையைச் செய்ய வேண்டும். அந்நிய அரசே அஞ்சிய ஒரு குரலைச் சொந்த ஊர் அடக்கக் கூடாது.