பாட்டி திறக்க வேண்டும், பேத்தி திறக்கக் கூடாது

பெங்களூரில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றைத் தாங்கிப் பிடிப்பவர்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி தாத்தாக்கள். மதுரையிலோ கும்பகோணத்திலோ சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு வந்து, ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் பத்தாவது மாடியில் பேரப்பிள்ளை வளர்க்கிறார்கள். அவர்களுடைய பையில் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் முட்டிவலித் தைலமும் சேர்ந்தே வருகின்றன. அதே வீட்டில், கைக்கு எட்டியதையெல்லாம் வாயில் வைத்துப் பார்க்கும் இரண்டு வயதுக் குழந்தையும் இருக்கிறது. இந்த இரண்டு பேரையும் மனத்தில் வைத்துச் செய்த மூடி நம் வீட்டு அலமாரிகளில் எத்தனை இருக்கும்? தேடிப் பார்த்தால் வருத்தம்தான் மிஞ்சுகிறது.

இருமல் டானிக் பாட்டிலையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே கவிழ்த்து வைத்த அளவுக் கப்பைக் கழற்றினால் உள்ளே அலுமினிய மூடி. தொழிற்சாலைக்கு வரும்போது அந்த மூடியில் மரையே கிடையாது, வழவழப்பான குல்லாதான். பாட்டிலின் தலையில் அதைக் கவிழ்த்து, சுற்றிலும் சிறு உருளைகளால் அழுத்தும்போதுதான், கண்ணாடிக் கழுத்திலுள்ள மரை அலுமினியத்தில் பதிகிறது. அடியிலுள்ள வளையமும் கழுத்தின் விளிம்புக்குக் கீழே மடிந்து பிடித்துக்கொள்கிறது. முதன்முறை திருகும்போது, வளையத்தையும் மூடியையும் இணைக்கும் மெல்லிய பாலங்கள் அறுபடும். அறுபட்டிருந்தால் யாரோ முன்பே திறந்திருக்கிறார்கள் என்று பொருள். கலப்படக்காரனுக்கு எதிரான நல்ல ஏற்பாடுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். 1982இல் சிகாகோ வட்டாரத்தில் டைலனால் என்ற வலி மருந்தின் காப்ஸ்யூல்களில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அமெரிக்கா, கடையில் நேரடியாக விற்கும் மருந்துகளுக்கு இத்தகைய சீலைக் கட்டாயமாக்கியது.

ஆனால் அந்தப் பாலங்களை அறுக்கக் கட்டைவிரலில் பலம் வேண்டும். மூட்டு தேய்ந்த எழுபது வயதுக் கைக்கு அது இல்லை. அதனால் என்ன நடக்கிறது? கதவிடுக்கில் மூடியைக் கொடுத்துத் திருகுகிறார்கள். கத்தியால் நெம்புகிறார்கள். ஒருமுறை திறந்துவிட்டால் பிறகு இறுக்கி மூடுவதில்லை, 'நாளைக்கும் திறக்கணுமே' என்று லேசாக வைத்துவிடுகிறார்கள். மாத்திரை அட்டைக்கும் இதே கதிதான். தினமும் பிதுக்கி எடுக்க முடியாமல், வாரத்துக்கு வேண்டியதை யாரையாவது பிதுக்கித் தரச்சொல்லி ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைக்கிறார்கள். அந்த டப்பாவைக் குழந்தை ஒரே தட்டில் திறந்துவிடும்.

நான் சொல்ல வருவது இதுதான்: பாட்டியால் திறக்க முடியாத மூடி பேத்தியைக் காக்காது. திறக்கக் கஷ்டமான மூடி, சில நாளில் திறந்தே கிடக்கும் மூடியாகிவிடும்.

இந்தப் பாடத்தை உலகம் பட்டுத்தான் கற்றது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வின்ட்சர் என்றொரு ஊர். அங்கே குழந்தை மருத்துவராக இருந்தவர் ஹென்றி ப்ரோல்ட். மருந்தை விழுங்கிவிட்டு வரும் குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்து அளித்து மனம் வெதும்பி, குழந்தையால் திறக்க முடியாத மூடி வேண்டும் என்று முனைந்தார். 1967இல் உருவானது, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே திருகும் மூடி. அந்த வட்டாரத்தில் குழந்தைகள் மருந்து விழுங்கும் நிகழ்வு 91 சதவீதம் குறைந்ததாகச் சொல்கிறார்கள். 1970இல் அமெரிக்கா இதற்காகவே ஒரு சட்டம் கொண்டுவந்தது.

அந்த மூடியின் சூட்சுமம் எளிமையானது. உண்மையில் அது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மூடிகள். சும்மா திருகினால் வெளி மூடி மட்டும் 'டிக் டிக்' என்று சுற்றும், உள்மூடி அசையாது. கீழே அழுத்தும்போதுதான் இரண்டின் பற்களும் கோத்துக்கொண்டு சேர்ந்து சுழலும். இன்னொரு வகையில், மூடியின் இரண்டு பக்கமும் வரிவரியான இடத்தைப் பிடித்து அமுக்க வேண்டும். வட்டமான விளிம்பு கொஞ்சம் நீள்வட்டமாகி, உள்ளே தடுக்கும் பல் விலகும். கழிவறை கழுவும் திரவத்தின் பாட்டில்களில் இந்த வகையை நாம் பார்த்திருக்கிறோம். இரண்டிலும் குழந்தையைத் தடுப்பது பலம் இல்லை. இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்ய வேண்டும் என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவே.

சோதிக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. அமெரிக்க விதிப்படி, மூன்றரை வயதிலிருந்து நான்கேகால் வயது வரையிலான குழந்தைகளிடம் பாட்டிலைக் கொடுத்து ஐந்து நிமிடம் விடுகிறார்கள். திறக்காவிட்டால், ஒருமுறை திறந்து காட்டி, 'பல்லால் கடித்தும் பார்க்கலாம்' என்று சொல்லி, இன்னும் ஐந்து நிமிடம். அதன் பிறகும் குறைந்தது 80 சதவீதக் குழந்தைகளிடம் மூடி தோற்காமல் இருக்க வேண்டும். மீதிப் பேர் திறந்துவிடக்கூடும் என்பதையும் அந்த விதி ஒப்புக்கொள்கிறது. ஆகவே இது இரும்புப் பெட்டகம் அல்ல. பெரியவர்கள் ஓடி வருவதற்குக் கொஞ்சம் நேரம் வாங்கித் தருவது. எந்த மூடி போட்டாலும் மருந்து உயரத்தில்தான் இருக்க வேண்டும்.

ஆரம்பத்தில் பெரியவர்களுக்கான சோதனையில் 18 முதல் 45 வயதுக்காரர்களே இருந்தார்கள். அவர்கள் எளிதாகத் திறந்தார்கள், மூடிகளும் தேறின. ஆனால் வீட்டில் மருந்து சாப்பிடுபவர்கள் தாத்தா பாட்டிகள். அவர்கள் ஒவ்வொரு முறையும் திறக்கக் கஷ்டப்பட்டு, மூடியையே கழற்றி வைத்தார்கள். விடுமுறைக்கு வந்த பேரக்குழந்தைகள் விழுங்கினார்கள். 1995இல் விதியைத் திருத்தி, 50 முதல் 70 வயதுள்ளவர்களில் 90 சதவீதம் பேர் திறந்து, சரியாக மூடவும் வேண்டும் என்று மாற்றினார்கள். மூடியின் வரலாற்றில் இதைவிடப் பெரிய சீர்திருத்தம் எனக்குத் தெரிந்து இல்லை. பலம் குறைந்த கையை அளவுகோலாக வைத்தது அதுதான்.

நம் நிலைமை என்ன? கடையில் வாங்கும் பெரும்பாலான டானிக் பாட்டில்களில் குழந்தையைத் தடுக்கும் இந்த மூடி இல்லை. இன்னொரு பக்கம், குளிர்பான பாட்டில்களின் மூடி உயரம் குறைந்துகொண்டே வருகிறது. பிளாஸ்டிக்கை மிச்சப்படுத்தப் பழைய கழுத்தைச் சுமார் 4 மி.மீ. குறைத்துப் புது அளவு கொண்டுவந்தார்கள். பாட்டிலுக்கு ஏறத்தாழ 1.3 கிராம் மிச்சம். கோடிக்கணக்கான பாட்டில்களுக்குக் கணக்குப் போட்டால் அது பெரிய லாபம், சுற்றுச்சூழலுக்கும் நல்லது. ஆனால் மூடி குட்டையானால் விரலுக்குப் பிடிமானம் குறைகிறது. மிச்சம் பிடித்த பிளாஸ்டிக்கில் துளியைச் செலவழித்து ஓரத்து வரிகளை ஆழமாக்கினால் அந்தக் கஷ்டம் குறையும்.

எனக்கு அதிகம் பயம் தருவது, தெருவில் வரும் பினாயிலும் ஆசிட்டும். கலர் குடித்துவிட்டுப் போட்ட பாட்டிலில், அதே திருகு மூடியோடு விற்கிறார்கள். ஆசிட்டைக் கண்டபடி விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் உத்தரவிட்டும் இது நிற்கவில்லை. குழந்தைக்கு அந்த பாட்டில் என்றால் இனிப்பு, அந்த மூடி என்றால் திறந்து குடிப்பது. இதைத் தடுக்கக் கண்டுபிடிப்பு ஒன்றும் வேண்டியதில்லை. குடிக்கும் பாட்டிலில் விஷம் வாங்குவதில்லை என்று ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு முடிவெடுத்தால் போதும்.

மூடியைத் தொடும் கைகள் வீட்டோடு முடிவதில்லை. பெங்களூரின் உலர் கழிவு மையங்களில் பாட்டில்களைத் தரம் பிரிப்பவர்களும் அதைத் தொடுகிறார்கள். பாட்டில் 'பெட்' பிளாஸ்டிக். மூடி வேறு வகை. நறுக்கித் தண்ணீரில் போட்டால் பாட்டில் துண்டு மூழ்கும், மூடித் துண்டு மிதக்கும், அப்படித்தான் பிரிக்கிறார்கள். தனியே உருண்டுபோன மூடியோ யார் கையிலும் சிக்காமல் சாக்கடைக்குப் போகிறது. இதற்காகத்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூலை 3 முதல், 3 லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் பான பாட்டில்களில் மூடி பாட்டிலோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. நமக்கு இது புதிதல்ல. 1872இல் ஹிராம் காட் காப்புரிமை பெற்ற கோலி சோடா பாட்டிலில் மூடி வெளியே வரவே வராது. நந்தினி பால் பாக்கெட்டின் முனையை முழுதாக வெட்டி எறியாமல், ஒட்டியபடி விட்டுக் கத்தரிப்பதும் இதே யோசனைதான். காசு செலவில்லை, பழக்கம் மட்டும் மாற வேண்டும்.

வடிவமைப்புக்கு இந்த நகரத்தில் ஆள் பஞ்சமில்லை. இந்திய அறிவியல் கழகத்தில் பொருள் வடிவமைப்புக்கென்று துறை இருக்கிறது. தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு இங்கே வளாகம் இருக்கிறது. காலையில் லால்பாக்கில் நடக்க வரும் முதியவர்களிடம் நான்கு பாட்டில்களைக் கொடுத்துத் திறக்கச் சொல்லட்டும். அங்கன்வாடிக் குழந்தைகளிடம் வெறும் பாட்டில்களைக் கொடுத்துப் பார்க்கட்டும். நம் கைகளின் அளவும் பலமும் நம் ஊரில்தான் தெரியும். வெளிநாட்டு அட்டவணையில் கிடைக்காது.

நாமும் ஒன்று செய்யலாம். எண்ணெய், தண்ணீர், துப்புரவுத் திரவம் என்று சீல் வைத்து விற்கும் பொருள்களின் லேபிளில், புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண்ணோ மின்னஞ்சலோ இருக்க வேண்டும் என்பது சட்டம். கசிந்தால் கூப்பிடுகிறோம், கெட்டுப்போனால் கூப்பிடுகிறோம். அம்மாவால் திறக்க முடியவில்லை என்பதற்கு யாரும் கூப்பிடுவதில்லை. கையில் பலமில்லை என்று அவரைச் சொல்லிவிட்டு நாமே திறந்து கொடுத்துவிடுகிறோம். அடுத்த முறை திறந்து கொடுத்த கையோடு, அந்த எண்ணையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள். குறை அம்மாவின் கையில் இல்லை, மூடியில் இருக்கிறது.