வீட்டுச் சங்கதியா இது?

"நம்ம சாதிச் சங்கதிய எதுக்கு வெளிநாட்டுல போய்ச் சொல்லுதீக?" சங்கரன்கோவிலில் படித்த பிள்ளைகளே என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். இது அவர்கள் கேள்வி அல்ல, ஆண்டைகள் சொல்லிக் கொடுத்த கேள்வி. தோழர்களே, 1946ஐப் புரட்டுங்கள்.

இரண்டாம் உலகப்போர் முடிந்து வெள்ளைக்காரன் மூட்டை கட்டுகிறான். மார்ச்சில் பெத்திக் லாரன்ஸ், கிரிப்ஸ், அலெக்சாண்டர் என்று மூன்று மந்திரிகள் டெல்லி வந்தார்கள். மே 16 அறிக்கையில் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தவை மூன்றே பிரிவுகள்: பொது, முஸ்லிம், சீக்கியர். சேரியைப் 'பொது'வில் கரைத்துவிட்டார்கள். கிணற்றடியில் பொது இல்லையாம், தலை எண்ணும்போது மட்டும் பொதுவாம்!

ஒதுக்கிய இடங்களில் காங்கிரஸ்தானே ஜெயித்தது என்பது அவர்கள் வாதம். 1932 பூனா ஒப்பந்தம் தனி வாக்காளர் தொகுதியைப் பறித்த பிறகு வேறென்ன நடக்கும்? இன்றைக்கும் சங்கரன்கோவில் தனித்தொகுதிதான். நிற்பவர் நம்மவர். அவரை ஜெயிக்க வைப்பது யார் ஓட்டு?

அந்த வருஷமே அண்ணல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐ.நா.வுக்குக் கறுப்பர்கள் கொடுத்த மனுவின் பிரதி கேட்டார். அக்டோபரில் லண்டன் போனார். அட்லி அரசு இறங்கி வரவில்லை.

இதே 1946இல் இந்திய அரசு என்ன செய்தது? தென்னாப்பிரிக்க இந்தியருக்காக ஐ.நா.வுக்குப் போனது. "எங்கள் உள்நாட்டு விவகாரம்" என்றது தென்னாப்பிரிக்கா. இந்தியா ஒப்பவில்லை, டிசம்பர் 8 அன்று பொதுச்சபையில் ஜெயித்தது. 2001இல் அதே தென்னாப்பிரிக்காவின் டர்பனில், ஐ.நா.வின் இனவெறி எதிர்ப்பு மாநாட்டில், சாதியைப் பேசவிடாமல் மறித்ததும் இதே இந்திய அரசுதான். அன்று அடுத்தவன் சொன்ன வசனம், இன்று இவர்கள் வாயில்!

அதற்காக வெளிநாட்டானை ரட்சகனாக்கச் சொல்லவில்லை நான். முதல் உலகப்போருக்குப் பின் கட்டலான் தேசியவாதிகள் வில்சனின் சுயநிர்ணயப் பேச்சை நம்பினார்கள். 1919 பாரிஸ் மாநாடு அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெயித்தவன் மேசையில் பலமில்லாதவனுக்கு நாற்காலி கிடையாது.

1946 ஜூலையில் அண்ணலை அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்பியது லண்டன் அல்ல. வங்காளத்தில் ஜோகேந்திரநாத் மண்டலும் தோழர்களும் திரட்டிய ஓட்டு.

ஆகவே ஜெனீவாவிலும் சொல்லுவோம், அது சாட்சி. சேரியில் திரளுவோம், அதுதான் பலம். ஒன்றைக் காட்டி மற்றொன்றை நிறுத்தச் சொல்லுகிறவன் நம்ம ஆள் இல்லை.