பிறையும் பழவேற்காட்டு முகத்துவாரமும்

மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் மாலையில் மாடியில் ஏறி நின்று, மேற்கு வானில் பிறை தென்படுகின்றதா என்று தேடுவது நம் இல்லங்களில் வழிவழியாக வரும் வழக்கம். நோன்பின் தொடக்கமும் பெருநாளும் அந்த மெல்லிய கீற்றைக் கொண்டே முடிவாகின்றன. கடலும் அதே பிறையின் கணக்குப்படியே ஏறி இறங்குகின்றது. கரையோரத்தில் வாழ்வோரைத் தவிர மற்றையோர் இதனைக் கருதிப் பார்ப்பதில்லை.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் ஆலைகளில் பணி புரிவோர் விடுமுறை நாளில் குடும்பத்துடன் சென்று வருகின்ற பழவேற்காட்டைப் பற்றியே இங்குக் கூற விழைகின்றோம். திருவள்ளூர் மாவட்டத்தின் கீழைக்கரையில் உள்ள இவ்வூர் பழம்பெரும் துறைமுகம். முஸ்லிம் வணிகர்களின் கப்பல்கள் இங்கிருந்து மலாக்கா வரை சென்று வந்தன. 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினர். இன்று கப்பல்கள் இல்லை. மீனும் இறாலும் நண்டும் உண்டு. நம் சமுதாயப் பெண்மணிகள் பின்னும் பனையோலைப் பெட்டிகள் உண்டு. ஊரை ஒட்டிப் பரந்து கிடக்கும் ஏரி, ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்நாட்டின் மிகப் பெரிய உவர்நீர் ஏரியாகும். அதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் அமைந்துள்ளது.

இவ்வளவு பெரிய ஏரியின் சராசரி ஆழம் ஏறக்குறைய 1 மீட்டர்தான். அதற்கு உயிர் கொடுப்பது கடலோடு அதனை இணைக்கும் முகத்துவாரம். அது மணல் மூடி அடைபட்டால் ஏரி வெறும் உப்புக் குட்டையாகிவிடும். அது திறந்திருப்பதும் அடைபடுவதும் கடலின் மூவகை அசைவுகளைப் பொறுத்தவை. ஓதம் வேறு, அலை வேறு, நீரோட்டம் வேறு. இவற்றைப் பிரித்தறியாமல் கரையோரத்தில் கல்லை அடுக்குவோர், தாம் செய்வது இன்னதென்று அறியாமலே செய்கின்றனர் என்பது நம் கருத்து.

முதலில் ஓதம். பூமியின் ஒரு பக்கம் நிலவுக்கு அருகிலும் மறுபக்கம் தொலைவிலும் இருக்கின்றது. அருகிலுள்ள கடல்நீரை நிலவு பூமியின் நடுப்பகுதியைவிடச் சற்று மிகுதியாக ஈர்க்கின்றது. மறுபக்கத்து நீரைச் சற்றுக் குறைவாக ஈர்க்கின்றது. இந்த வேறுபாட்டினால் இரு பக்கமும் கடல் மிக மெல்லியதாகப் புடைக்கின்றது. பூமி சுழலும்போது நம் கரை அவ்விரு புடைப்புகளையும் கடப்பதால் நாளொன்றுக்கு இருமுறை ஏற்றமும் இருமுறை வற்றமும் உண்டாகின்றன. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். ஆகவே இன்று கண்ட ஏற்றம் நாளை ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி வரும். பிறை நாளுக்கு நாள் பிந்தி மறைவதை நாம் கண்டிருக்கின்றோம் அல்லவா? அதுவும் இதுவும் ஒரே கணக்கு.

கதிரவனும் கடலை ஈர்க்கின்றது. ஓத விஷயத்தில் அதன் வலிமை நிலவின் வலிமையில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் ஒரே கோட்டில் நின்று ஈர்ப்பதால் ஏற்றம் மிக உயர்கின்றது, வற்றமும் மிகத் தாழ்கின்றது. இதனைப் பேரோதம் எனலாம். கடலின் பெருக்கம் வானத்து நிலையிலிருந்து ஓரிரு நாள் பிந்தியே உச்சம் அடையும். ஆகவே நாம் தலைப்பிறை காணும் நாளை ஒட்டியே பேரோதமும் அமைகின்றது. மீண்டும் பிறை பதினைந்து, பதினாறில் அது வரும். பிறை எட்டை ஒட்டியும் இருபத்து மூன்றை ஒட்டியும் ஓதம் மிகச் சிறுத்துவிடும். ஹிஜ்ரி நாட்காட்டி தொங்குகின்ற வீடு ஒவ்வொன்றிலும் ஓர் ஓத அட்டவணை தொங்குகின்றது என்றால் மிகையாகாது. பழவேற்காட்டுப் பள்ளிவாசல் ஒன்றில் தொழுகை நேரம் அறிய அமைத்த நிழற்கடிகாரம் இன்றும் இருக்கின்றது. நேரத்துக்குக் கதிரவன், மாதத்துக்கு நிலவு என்று கணித்து வாழ்ந்த ஊரின் வாசலில், கடலும் அவ்விரண்டையுமே கணித்து ஏறி இறங்குவது எண்ணி மகிழத்தக்கது.

நிலவுக்கும் ஓதத்துக்கும் உள்ள உறவை விரிவாக எழுதியவர்களுள் ஒருவர் பல்கு நகரைச் சேர்ந்த அபூ மஃஷர். 886-ல் காலமானவர். அவர் சோதிடத்தை நம்பியவர். அந்தப் பகுதியை நாம் ஏற்க வேண்டுவதில்லை. எனினும் அவருடைய நூல் பன்னிரண்டாம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பியர் ஓதத்தைப் பற்றி அறியப் பெரிதும் உதவியது. பேரறிஞர் கலிலியோகூட 1632-ல் வெளியிட்ட நூலில், நிலவே ஓதத்துக்குக் காரணம் என்பதை ஒதுக்கித் தள்ளினார். 1687-ல் நியூட்டன் ஈர்ப்பு விதியைக் கொண்டு விளக்கிய பின்னரே அந்த வழக்கு முடிந்தது.

சென்னைக் கரையில் பேரோதத்தின்போது ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு சுமார் 1 மீட்டர். சிற்றோத நாட்களில் அது அரை மீட்டருக்கும் கீழே போய்விடும். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் இதே வேறுபாடு 10 மீட்டர் அளவுக்கு எழுகின்றது. புனல் போன்று குறுகும் அவ்வளைகுடாவின் வடிவமே அதற்குக் காரணம். நம் கரையின் ஓதம் வலியது அன்று. முகத்துவாரத்தின் மணலை அரித்துக் கடலுக்குத் தள்ளும் வேலையை இந்த எளிய ஓதமே நாளும் செய்ய வேண்டியிருக்கின்றது. மாரிக்காலத்தில் ஆரணியாற்று வெள்ளம் அதற்குத் துணை நிற்கும். கோடையில் துணை இல்லை. கோடையில்தான் வாய் அடைபடுகின்றது. கடலில் பிறந்த இறாற் குஞ்சுகள் ஏற்றத்தோடு ஏரிக்குள் வந்து, வளர்ந்தபின் கடலுக்குத் திரும்புகின்றன. வாய் அடைபட்டால் அவை வெளியே நின்றுவிடும். ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களை முறை வைத்துப் பகிர்ந்து கொள்ளும் ‘பாடு’ என்னும் ஏற்பாடு அங்குள்ள மீனவ ஊர்களில் நெடுங்காலமாக உண்டு. நீரே வராதபோது பாட்டில் பகிர்ந்து கொள்ள என்ன இருக்கும்?

மணலைக் கொண்டு வந்து வாயை அடைப்பது அலை. அலை காற்றினால் பிறப்பது. நடுக்கடலில் அலை முன்னே செல்கின்றதேயன்றி நீர் செல்வதில்லை; நீர்த்துளி வட்டமிட்டு ஏறக்குறையப் பழைய இடத்துக்கே திரும்புகின்றது. மிதக்கும் தேங்காய் நெற்று மேலும் கீழும் ஆடி அங்கேயே நிற்பதைக் கண்டோர் இதனை அறிவர். கரையருகே ஆழம் குறைந்ததும் அலை உடைந்து நீரும் மணலும் புரண்டு எழுகின்றன. அலை நேராக வராமல் சாய்ந்து வருமாயின் அந்த மணல் கரையோரமாகவே நகரும். நம் கரையில் தென்மேற்குப் பருவத்தில் மணல் வடக்கே செல்கின்றது; வாடைக்காற்றின் காலத்தில் தெற்கே திரும்புகின்றது. ஆண்டுக் கணக்கில் வடக்கே செல்வதே மிகுதி.

இக்கணக்கின் விளைவை நாடு ஒருமுறை கண்டுவிட்டது. 1876-ல் சென்னைத் துறைமுகத்துக்குச் சுவர் எழுப்பத் தொடங்கினர். வடக்கே செல்லவிருந்த மணல் தெற்கே தேங்கி மெரினாக் கடற்கரை அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கத்துக் கரையைக் கடல் அரித்தது. நாம் காற்று வாங்க அமரும் மணல் ஒருவகையில் வடசென்னை இழந்த மணல். அதன் பின்னர் இன்னும் வடக்கே எண்ணூர்த் துறைமுகம் 2001-லும் காட்டுப்பள்ளித் துறைமுகம் அதற்குச் சில ஆண்டுகள் கழித்தும் செயற்படத் தொடங்கின. அவற்றுக்கு வடக்கே பழவேற்காடு வரை உள்ள நிலம் கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடையே கிடக்கும் ஒரு மணல் நாடா. அதன் கரை அரிக்கப்படுவதை அங்குள்ள மீனவர் பல்லாண்டாகச் சுட்டிக் காட்டி வருகின்றனர். காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பன்மடங்கு பெரிதாக்கும் திட்டத்தை அவர்கள் எதிர்த்ததற்கும் இதுவே தலையாய காரணம். தொழில் வேண்டாம் என்பது நம் கட்சி அன்று. அத்துறைமுகங்களால் வேலை பெற்ற வீடுகள் இம்மாவட்டத்தில் பல. ஆனால் தெற்கே தேங்கும் மணலை வாரி வடக்கே சேர்க்கும் ஏற்பாடு விசாகப்பட்டினத்தில் பல்லாண்டுகளாக நடந்திருக்கின்றது. அங்கே இயன்றது இங்கே ஏன் இயலாது? சுவர் எழுப்புவோரே மணலையும் கடத்திக் கொடுக்க வேண்டும் என்பதை அனுமதியின் முதல் நிபந்தனையாக வைப்பதில் எவருக்கும் அநீதி இல்லை.

மூன்றாவது நீரோட்டம். வங்கக் கடலின் மேற்குக் கரையோரம் ஓடும் நீரோட்டம் காற்றோடு திசை மாறுவது. ஆண்டின் தொடக்க மாதங்களில் வடக்கு நோக்கித் திரும்பும் அது, மழைக்காலத்தில் தெற்கு நோக்கி ஓடும். பருவக்காற்றுக்கு ஐரோப்பியர் வழங்கும் ‘மான்சூன்’ என்னும் பெயர், பருவம் எனப் பொருள்படும் ‘மவ்சிம்’ என்ற அரபுச் சொல்லிலிருந்தே பிறந்தது. காற்றும் நீரும் திரும்பும் மாதத்தை எண்ணியே நம் முன்னோர் பாய் விரித்தனர். இக்கணக்கு இன்றும் தேவை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, அது தெற்கே நகர்ந்து எர்ணாவூர், திருவொற்றியூர்க் கரைகளில் ஒதுங்கியது. ஏழை மக்களும் தொண்டர்களும் வாளியைக் கொண்டு அதனை அள்ளினர்.

ஈண்டு உயிர் பற்றிய ஒரு செய்தியையும் கூறியாக வேண்டும். முகத்துவாரத்தில் வற்றநீர் விரைந்து கடலுக்குள் ஓடும். எதிரே அலை வரும். எதிரோட்டத்தில் சிக்கிய அலை குறுகி, செங்குத்தாக எழுந்து, சட்டென்று உடையும். சிறு படகுக்கு இதனைவிடக் கொடிய இடம் இல்லை. பேரோத நாட்களில் அவ்வோட்டம் மேலும் வலுக்கும். 2011 டிசம்பர் 25 அன்று, ஏரி கடலோடு கூடும் பக்கத்தில் உல்லாசப் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முந்திய நாள் அமாவாசை. ஏரிதானே, முழங்காலளவு நீர்தானே என்று பிள்ளைகளைப் படகில் ஏற்றுவோர் இத்தேதியை நினைவில் வைக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26, துல்கஃதா மாதத்துப் பௌர்ணமி நாள். அன்று வந்த ஆழிப்பேரலையை நிலவோடு முடிச்சுப் போட்டுப் பேசியோர் உண்டு. அது ஓதமும் அன்று, காற்றலையும் அன்று. சுமத்ராவுக்கு அருகே கடற்படுகை பெயர்ந்ததால் கடல் அடி முதல் நுனி வரை அசைந்து, ஆழ்கடலில் மணிக்கு சுமார் 700 கிலோமீட்டர் விரைவில் வந்தது. நிலவின் மீது பழி இல்லை.

முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைக்க இருபுறமும் கற்சுவர் அமைக்கும் பணியை அரசு அண்மை ஆண்டுகளில் மேற்கொண்டது வரவேற்கத்தக்கது. ஆனால் அச்சுவர்களும் மணலை மறிக்கும் சுவர்களே. அவற்றுக்கு வடக்கே உள்ள கரையை ஆண்டுதோறும் அளந்து, அளவை மீனவருக்குக் காட்ட வேண்டும். சிலிக்காவில் 2000 செப்டம்பரில் புதிய வாய் வெட்டுமுன் ஓதத்தையும் மணலையும் ஆராய்ந்தனர், வெட்டியபின்னும் அளந்தனர், நலிந்திருந்த மீன்வளம் திரும்பிற்று.

அரசு செய்ய வேண்டியது அது. நாம் செய்யக் கூடியதும் ஒன்று உண்டு. சென்னைக்குரிய ஓத அட்டவணையை இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் முன்கூட்டியே வெளியிடுகின்றது. பழவேற்காட்டுப் பள்ளிவாசல்களில் தொழுகை நேரப் பலகைக்குப் பக்கத்திலும், படகுத் துறையிலும், அன்றைய பிறையையும் ஏற்ற வற்ற நேரங்களையும் தமிழில் எழுதி வைக்கலாம். கும்மிடிப்பூண்டியிலிருந்து சுற்றுலா வரும் குடும்பத்தார் படகேறுமுன் அதனைப் படிப்பர். முகத்துவாரத்தில் நேரம் சென்னையிலிருந்து சற்று மாறும். எத்தனை நிமிடம் என்பதை அவ்வூர் மீனவரைக் கேட்டு எழுதிக் கொள்ளலாம்.